வீட்டு டிவி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர்: பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி, ஹோம் தியேட்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வேலை முடிந்து கருவிகளைப் பையில் போடும் நேரத்தில் யாராவது "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். வீடுகள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை பெட்டிக்குள் வரும் கோளாறைவிட, பெட்டிக்கு வெளியே நாம் செய்துவைக்கும் ஏற்பாட்டில்தான் ஆபத்து அதிகம். ஆடுகிற பிளக், காற்று போகாத அலமாரி, உறுதியில்லாத மேசை, அளவு மீறிய சத்தம் என்று அது வரும். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும்.

டிவியை ரிமோட்டில் அணைச்சா போதாதா? சுவிட்சையும் அணைக்கணுமா?

அன்றாடத்துக்கு ரிமோட் போதும். ஆனால் ரிமோட்டில் அணைத்த டிவி தூங்குகிறதே தவிர, அதற்குள் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ரிமோட்டின் சமிக்ஞைக்குக் காத்திருக்க வேண்டுமே. புதிய டிவிகள் பலவும் இந்த நிலையில் அரை வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கின்றன, ஆகவே செலவு ஒரு பொருட்டில்லை.

துடைக்கும்போது, கேபிள் மாற்றும்போது, நகர்த்தும்போது, பல நாள் வெளியூர் போகும்போது மட்டும் பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும். வயரிங் செய்தவர் மாற்றி இணைத்திருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் வரும் பேஸ் கம்பி உயிரோடு இருக்கும். பிளக் கையில் இருந்தால் அந்தச் சந்தேகமே இல்லை.

ஓலெட் டிவிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ரிமோட்டில் அணைத்த பிறகு அது திரையைச் சரிசெய்யும் வேலை ஒன்றைத் தானாகச் செய்துகொள்ளும். அதனால் தினமும் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைக்காதீர்கள்.

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எத்தனை சாமான் செருகலாம்?

எத்தனை என்பது கணக்கே இல்லை, எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. பாக்ஸின் பின்னால் ஆம்பியர் அளவு போட்டிருக்கும். அதை உங்கள் வீட்டு வோல்டேஜால் பெருக்குங்கள். 6 ஆம்பியர் பாக்ஸ், 230 வோல்ட் என்றால் 1380 வாட். டிவி ஒன்று நூறு, இருநூறு வாட். செட்டாப் பாக்ஸ் பத்து, இருபது. விளையாட்டுக் கன்சோல் இருநூறு வரை போகும். இவை எல்லாம் சேர்ந்தாலும் தாராளமாகத் தாங்கும். அதே பாக்ஸில் இஸ்திரிப்பெட்டியையோ ஹீட்டரையோ செருகும்போதுதான் பிரச்சினை. அவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆயிரம், இரண்டாயிரம் வாட் கேட்கும்.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். மொத்தச் சுமையும் முதல் பாக்ஸின் ஒற்றைக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். சுருட்டி வைக்கும் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. கம்பளத்துக்கு அடியில் ஒயரை ஓட்டுவதும் கூடாது. மேலே நடந்து நடந்து உறை நைந்துபோவது யார் கண்ணிலும் படாது.

பிளக் கொஞ்சம் சூடாகுது, ஆனா எல்லாம் நல்லாத்தான் ஓடுது. விட்டுடலாமா?

விடாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயங்காமல் "இன்றைக்கே" என்று சொல்வேன். டிவி மாதிரி குறைவாக மின்சாரம் இழுக்கும் சாதனத்தின் பிளக் கையில் தெரியும்படி சூடாகிறது என்றால், பெரும்பாலும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து பின்னைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். தொடுகிற இடம் குறுகும்போது அங்கே மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு, சூட்டில் தகடு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. தானாகச் சரியாகவே ஆகாது.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னின் பளபளப்பு போய், நுனியில் நீலமோ கறுப்போ படிந்திருக்கும். பின் வெளியே வரும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக வளைந்திருக்கும். சாக்கெட்டில் ஓட்டையின் ஓரமும் அப்படித்தான். சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் கெட்டுப்போன மீன் போல நாற்றம் வரும். அறையில் காரணம் தெரியாமல் அப்படி நாற்றம் அடித்தால் முதலில் சாக்கெட்டுகளை முகர்ந்து பாருங்கள். சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய பிளக்கைப் புதுச் சாக்கெட்டில் செருகினால் அதையும் கெடுத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்ள வைக்கலாமா?

கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதாக இருந்தால் வைக்கலாம். மூடி வைத்தால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சூடாகும். மேலே, பின்னால், பக்கங்களில் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். மேல்மூடியில் இருக்கும் துளைகள் சூடு வெளியேறும் வழி. அங்கே செட்டாப் பாக்ஸை வைப்பது, அழகுக்குத் துணி போர்த்துவது, படித்த பத்திரிகையைப் போடுவது எதுவும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே ஆக வேண்டும் என்றால் அதிகம் சூடாவது மேலே இருக்கட்டும்.

தீ ஒரு பக்கம் இருக்கட்டும், ஆயுளும் குறைகிறது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களைப் பற்றி எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு வழக்கமான கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். பழுதுக்கு வருகிற பல ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்தால் மேல்பகுதி உப்பிப்போன கெபாசிட்டர்தான் கண்ணில் படும்.

திரையை எதால துடைக்கறது? ஸ்ப்ரே அடிக்கலாமா?

பிளக்கைக் கழற்றி, திரை ஆறியதும், காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கறை போகவில்லை என்றால் துணியில் கொஞ்சம் தண்ணீர் போதும். அம்மோனியா, ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் திரையின் மேல்பூச்சை உரித்துவிடும்.

திரையில் நேராக எதையும் அடிக்காதீர்கள். திரவம் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். பல டிவிகளில் திரையை இயக்கும் மெல்லிய மின்சுற்றுகள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. ஒரு சொட்டு போனாலும் திரை முழுக்கக் கோடு விழ வாய்ப்புண்டு.

தண்ணி கொட்டிடுச்சு. வெயில்ல காயவெச்சுப் போடலாமா?

முதலில் சாதனத்தைத் தொடாதீர்கள். சுவர் சுவிட்ச் ஈரமில்லாமல் இருந்தால் அதை அணையுங்கள், இல்லையென்றால் மெயினை அணையுங்கள். அதன் பிறகே பிளக். கடும் வெயிலும் ஹேர் டிரையரும் பிளாஸ்டிக்கையும் திரையையும் கெடுக்கும், உள்ளே ஒதுங்கிய ஈரத்தையும் எடுக்காது. வெறும் தண்ணீராக இருந்தாலும் காய்ந்தபின் உப்புப் படிவு மின்சுற்றில் தங்கும். குளிர்பானமோ காபியோ என்றால் சொல்லவே வேண்டாம். திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று போடும்போதுதான் பிழைத்திருக்க வேண்டியது பிழைக்காமல் போகிறது.

பூஜாடி, மீன்தொட்டி, மெழுகுவத்தி எதையும் சாதனங்களின் மேலே வைக்காமல் இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

டிவி கனமா உறுதியாத்தானே இருக்கு, குழந்தை இழுத்தா விழுமா?

விழும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டிவி தன் பாதத்தில் நிற்பது நேராக நிற்கும்வரைதான். குழந்தை மேல் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால் முன்பக்கம் சாய்ந்துவிடும். இழுப்பறை வைத்த மேசையின் மேல் டிவி இருந்தால் இன்னும் மோசம். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக்கி ஏறும், திறந்த இழுப்பறையும் குழந்தையின் எடையும் சேர்ந்து மேசையையே முன்னால் கவிழ்க்கும். டிவி நேராகத் தலையில் வந்து விழும். சின்னக் குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

தாழ்வான, அகலமான, டிவிக்கென்றே செய்த மேசையில் வையுங்கள். டிவியின் பின்புறத் துளைகளிலிருந்து சுவருக்கோ மேசைக்கோ பட்டை போட்டுக் கட்டுங்கள். இதற்கென்றே பட்டைகள் கிடைக்கின்றன, மாட்டக் கொஞ்ச நேரம்தான் ஆகும். மேசையையும் சுவரோடு பிணையுங்கள். ரிமோட், பொம்மை, தின்பண்டம் இவற்றை டிவிக்குப் பக்கத்திலோ மேலேயோ வைக்காதீர்கள். குழந்தை டிவிக்காக ஏறுவதில்லை, அவற்றை எடுக்கத்தான் ஏறுகிறது.

சுவர்ல மாட்டிட்டா கவலையே இல்லைதானே?

சரியாக மாட்டினால் இல்லை. மூன்றைப் பாருங்கள்: தாங்கி எத்தனை கிலோ தாங்கும், சுவர் எதனால் ஆனது, திருகாணி எத்தனை நீளம். செங்கல், கான்கிரீட் என்றால் அதற்குரிய ஆணிகள் பூச்சைத் தாண்டி உள்ளே பிடிக்க வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னால் இருக்கும் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், வெறும் பலகை தாங்காது. முன்னால் இழுத்துத் திருப்பும் வகைத் தாங்கியில் கை நீள நீள மேல் ஆணிகளின் மேல் இழுப்பு கூடும்.

டிவியின் பின்புறத் துளைகள் வெசா என்ற பொது அளவில் இருக்கும், 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று. தாங்கியும் அதே அளவுக்குப் பொருந்த வேண்டும். திருகாணி அளவுக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே போய்த் திரையை முட்டும். இன்னொன்று, துளை போடுவதற்குமுன் சுவருக்குள் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளை போட வேண்டாம்.

ரிமோட் பேட்டரியிலயும் ஆபத்து இருக்கா?

சின்ன ரிமோட்டுகளில் இருக்கும் காசு போன்ற வட்ட பேட்டரியில் பெரிய ஆபத்து இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் வழியாக மின்சாரம் பாய்ந்து, இரண்டே மணி நேரத்தில் சதையைக் கடுமையாக எரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்தச் சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூடி திருகாணியால் பூட்டப்பட்ட ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். மூடி உடைந்த ரிமோட்டை டேப் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சாதாரண பென்சில் பேட்டரிகளில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், கசியும். கசிந்த வெள்ளைப் பொடி ஒரு காரம். கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். கண்ணில் படக் கூடாது.

எவ்வளவு சத்தம் வரைக்கும் கேக்கலாம்?

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே நேரம், 75 டெசிபல். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து சொன்ன அளவு இது. இதில் கவனிக்க வேண்டியது, 3 டெசிபல் கூடினால் அனுமதி நேரம் பாதியாகிவிடும். அப்படிப் பார்த்தால் 90 டெசிபலுக்கு வாரம் முழுக்க நாலு மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் அரை மணிக்கும் குறைவு. ஹோம் தியேட்டரை "ஃபுல்"லாக வைத்துப் படம் பார்ப்பவர்கள் ஒரே மாலையில் வாரக் கணக்கைத் தாண்டிவிடலாம். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. படம் முடிந்த பின் காதில் "ங்ங்ங்" என்று இரைந்தாலோ, பேசுவது பஞ்சுக்குள் கேட்பதுபோல இருந்தாலோ அளவு மீறிவிட்டது. மறுநாள் சரியாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், சேதம் சேர்ந்துகொண்டே வரும்.

ஹெட்ஃபோன்ல எப்படி அளக்கறது?

கைப்பேசிகள் பலவற்றில் ஹெட்ஃபோன் ஒலியளவைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, உச்ச வரம்பும் வைக்கலாம். குழந்தையின் கருவியில் வரம்பு வைத்துக் கடவுச்சொல்லும் போட்டுவிடுங்கள். வெளிச்சத்தம் அதிகமுள்ள இடத்தில் நாம் நம்மையறியாமல் ஒலியைக் கூட்டுவோம். அங்கே இரைச்சலைத் தடுக்கும் ஹெட்ஃபோன் உண்மையிலேயே உதவும், குறைந்த ஒலியே போதுமென்று தோன்றும். ஹெட்ஃபோனோடு தூங்குவது வேண்டாம். நேரம்தான் இங்கே பாதிக் கணக்கு.

கிட்ட உக்காந்து பாத்தா கண்ணு கெட்டுடுமா? கதிர்வீச்சு வருமா?

இன்றைய எல்இடி, ஓலெட் திரைகளிலிருந்து எக்ஸ் கதிர் வருவதில்லை. இந்தப் பயம் பழைய பட டியூப் காலத்தது. 1967இல் அமெரிக்காவில் சில கலர் டிவிகள் அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் கசியவிட்டது தெரிய வந்து, அடுத்த ஆண்டு அதற்கெனச் சட்டமே வந்தது. கிட்ட உட்கார்ந்தால் கண் களைக்கும், வறளும். ஆனால் ஒரு குழந்தை தொடர்ந்து கிட்டவே போய் உட்கார்ந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தூரத்துப் பார்வை மங்கியிருப்பது பல சமயம் இப்படித்தான் தெரிய வரும்.

பளிச் பளிச்சுனு வெளிச்சம் அடிக்கிற காட்சியில வலிப்பு வருமாமே?

ஒளிக்கு எளிதில் பாதிக்கப்படும் சிலருக்கு வரலாம். நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் வெளிச்சம்தான் பொதுவாகத் தூண்டுகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான கார்ட்டூன் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்குமுன் வலிப்பே வந்ததில்லை.

அறை விளக்கைப் போட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள். உணர்வு மாறுவதுபோல இருந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு திரையிலிருந்து திரும்புங்கள். கண்ணை வெறுமனே மூடினால் வெளிச்சம் இமை வழியாகவும் போகும்.

இடி இடிக்கும்போது டிவியை அணைச்சா போதுமா?

போதாது. மின்னலுக்கு ஒரு சுவிட்சின் இடைவெளி ஒன்றுமேயில்லை. பிளக்கோடு ஆன்டெனா, கேபிள், டிஷ், இன்டர்நெட் ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பலர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆன்டெனா ஒயரை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அந்த வழியாகவே டிவி போய்விடுகிறது.

எப்போது கழற்றுகிறோம் என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இடி காதில் கேட்கிறதென்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது போய் ஒயரைத் தொடாதீர்கள். மேகம் கூடும்போதே கழற்றுங்கள், முடியாவிட்டால் சாதனம் போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து மறுபடி மாட்டலாம்.

அதான் சர்ஜ் புரொடெக்டர் வாங்கிட்டேனே, ஸ்டெபிலைசரும் வேணுமா?

இரண்டும் வெவ்வேறு வேலை. சர்ஜ் புரொடெக்டர் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் எழுச்சியை உறிஞ்சும். உள்ளே வேரிஸ்டர் என்ற பாகம் இருக்கிறது. ஒவ்வொரு எழுச்சியிலும் அது கொஞ்சம் தேயும், ஒருநாள் தீர்ந்துபோகும். பாக்ஸ் வழக்கம்போல மின்சாரம் தந்துகொண்டே இருக்கும், காப்பு மட்டும் இருக்காது. பாதுகாப்பு விளக்கு அணைந்தால் மாற்றிவிடுங்கள். பக்கத்திலேயே மின்னல் இறங்கினால் எதுவும் தாங்காது, ஆக முந்தைய பதில் அப்படியே நிற்கிறது.

ஸ்டெபிலைசர், நீண்ட நேரம் வோல்டேஜ் ஏறியோ இறங்கியோ இருக்கும் இடத்துக்கு. டிவியின் பின்னால் "100–240 வோல்ட்" என்று இருந்தால் குறைந்த வோல்டேஜை அதுவே சமாளிக்கும். பயப்பட வேண்டியது கூடுதல் வோல்டேஜுக்கு. மூன்று பேஸ் இணைப்பில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரலாம். விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசிப்பதுதான் அடையாளம். உடனே மெயினை அணையுங்கள். அப்படி நடக்கக்கூடிய இடத்தில், வோல்டேஜ் கூடினால் தானே துண்டிக்கும் கருவி ஒன்று போடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயரில் "120 வோல்ட்" மட்டும் போட்டிருந்தால் 230இல் செருகவே கூடாது.

மூணு பின் பிளக்குல எர்த் பின் பொருந்தலை, அதை ஒடிச்சிட்டுச் செருகலாமா?

கூடாது. மூன்றாவது பின் இருக்கிறதென்றால் அந்தச் சாதனத்தின் உலோக உடம்பு எர்த்தை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு கம்பி நழுவி உடம்பைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, அடுத்துத் தொடுகிறவரின் உடம்பு வழியாக மின்சாரம் இறங்கும்வரை.

இரண்டு பின்னோடு வரும் சாதனங்கள் பயப்பட வேண்டியவை அல்ல. லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இரட்டைக் காப்பு என்று அர்த்தம், எர்த் தேவையில்லை.

டிவி பின்னாடி உலோகத்தைத் தொட்டா லேசா சுருக்குங்குது. ஷாக்கா?

இரண்டு பின் டிவி, செட்டாப் பாக்ஸ் இவற்றில் விரலின் பின்புறம் உரசும்போது மட்டும் லேசாக அதிர்வதுபோல இருந்தால் அது பெரும்பாலும் கசிவு மின்சாரம். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெபாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த அளவு வெளி உலோகத்துக்கு வரும். வடிவமைப்பிலேயே வரம்பு கட்டி அனுமதித்த அளவு அது.

நறுக்கென்று கையை இழுத்துக்கொள்ளும்படி அடித்தாலோ, அடிப்பது மூன்று பின் சாதனமாக இருந்தாலோ கதை வேறு. மூன்று பின் சாதனமென்றால் முன்பு சொன்ன எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, எர்த்தையும் 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிரேக்கரில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு, அவ்வப்போது நீங்களும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும்.

கரண்ட் ஓடும்போதே எச்டிஎம்ஐ ஒயரைக் கழற்றி மாட்டலாமா?

அப்படி மாட்டலாம் என்றுதான் எச்டிஎம்ஐ வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கசிவு இருக்கிறதே, ஒன்றுக்கொன்று எர்த் சேராத இரண்டு சாதனங்களை இணைக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் வித்தியாசம் ஒயர் வழியாகச் சமன்படும். அதில் போர்ட் போன டிவிகள் உண்டு. உங்களுக்கு ஆபத்தில்லை, போர்ட்டுக்குத்தான். இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டு மாட்டுவதே என் பழக்கம்.

ஸ்பீக்கர்ல 'ஹம்'னு இரைச்சல், எர்த்தைக் கழற்றினா நின்னுடுது. அப்படியே விட்டுடலாமே?

இரைச்சல் நின்றது உண்மை, காப்பு போனதும் உண்மை. இரண்டு சாதனங்கள் இரண்டு வேறு வழியில் எர்த்தோடு இணைந்து, இடையில் ஆடியோ ஒயரும் இருந்தால் ஒரு வளையம் உண்டாகும். அதில் சுற்றும் மின்சாரம்தான் அந்த 'ஹம்'. வளையத்தை உடைக்க வேண்டியது ஆடியோ ஒயரில், எர்த் கம்பியில் அல்ல.

முதலில் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள் (வாட் கணக்கு நினைவிருக்கட்டும்). நிற்கவில்லையா, கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். நின்றால் வளையம் அந்த வழியாகத்தான், சமிக்ஞையை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசலேட்டர் அதற்கென்று இருக்கிறது. இல்லையென்றால் ஆடியோ ஒயருக்கு நடுவே ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், அல்லது ஆப்டிகல் ஒயருக்கு மாறலாம். ஆப்டிகல் ஒயரில் ஒளிதான் போகிறது, மின்சாரம் சுற்ற வழியே இல்லை.

ஃபியூஸ் அடிக்கடி போகுது, கொஞ்சம் பெரிய ஆம்பியர் போட்டுடலாமா?

வேண்டாம், ஒயர் இழையைச் சுற்றுவதும் வேண்டாம். அதே ஆம்பியர், அதே வகை. ஃபியூஸின் மேல் "டி" என்று இருந்தால் தாமதமாகப் போகும் வகை, "எஃப்" என்றால் உடனே போகும் வகை. அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்தே வாங்குங்கள். சரியான ஃபியூஸ் மறுபடி போனால் உள்ளே பழுது இருக்கிறது.

8 ஓம் போட்ட ஆம்ப்ளிஃபயர்ல 4 ஓம் ஸ்பீக்கர் கொடுத்தா என்ன ஆகும்?

தடை பாதியானால் அதே ஒலியளவில் இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும். குறைந்த சத்தத்தில் தெரியாது. கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் கொதித்து அணையும், அல்லது எரியும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் இணையாகக் கொடுத்தாலும் 4 ஓம்தான் என்பதை மறக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்பீக்கர் ஒயரை எப்போதும் மின்சாரம் துண்டித்த பிறகே இணையுங்கள். இழைகளை முறுக்கி, ஒரு பிசிறுகூடப் பக்கத்து முனையைத் தொடாமல் பாருங்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கும். அங்கே வரும் வோல்டேஜே தொட்டால் ஆபத்தானது என்று அர்த்தம்.

பிளக்கைக் கழற்றிட்டேன், இப்ப மூடியைத் திறக்கலாம்தானே?

பிளக்கைக் கழற்றியதும் மின்சாரம் போய்விட்டது என்று இதுவரை சொன்னதெல்லாம் மூடிக்கு வெளியே. உள்ளே நிலைமை வேறு. 230 வோல்ட் ஏசி பவர் சப்ளைக்குள் சுமார் 325 வோல்ட் டிசியாகி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்கிறது. அது தானாக வடிய வேண்டும். வடிக்கும் பாகம் கெட்டிருந்தால் வெகுநேரம் தங்கும். பழுதான சாதனத்தைத்தானே திறக்கிறீர்கள், எது கெட்டிருக்கும் என்று முன்னாலேயே தெரியாதே. கண்ணாடிக் குழாய்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் அது 400 வோல்ட்டையும் தாண்டும். பழைய கலர் பட டியூப்பில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல், அதோடு டியூப் உடைந்தால் கண்ணாடி தெறிக்கும். இவற்றை அளந்து வடிக்கத் தெரியாதவர் திறக்கக் கூடாது.

டிஸ்க் பிளேயரைத் திறந்து லேசர் எரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் கூடாது. சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். தெரியாததால் கண் இமைக்கவும் இமைக்காது.

புரொஜெக்டர் ஓடும்போது குழந்தைங்க முன்னாடி ஓடறாங்க, பரவாயில்லையா?

நிழல் விழுந்தால் பரவாயில்லை, லென்ஸுக்குள் பார்ப்பதுதான் கூடாது. லேசர் புரொஜெக்டர் என்றால் இன்னும் கண்டிப்பாக. எட்டாத உயரத்தில் பொருத்துவதே நல்ல வழி. விளக்கு வகை புரொஜெக்டரை அணைத்தபின் விசிறி நிற்கும்வரை பிளக்கைக் கழற்றாதீர்கள். அந்த விளக்கில் பாதரசம் உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. "டொப்" என்று வெடித்தால் எல்லோரும் வெளியே வந்து, ஜன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள். துண்டுகளைக் கையுறையோடு பொறுக்குங்கள். வாக்குவம் கிளீனர் போட்டால் அது பாதரச ஆவியைப் பரப்பும்.

பேஸ்மேக்கர் வெச்சவங்க ஹெட்ஃபோன் போடலாமா?

காதில் போடலாம். கழற்றிக் கழுத்திலோ சட்டைப் பையிலோ தொங்கவிடுவதுதான் பிரச்சினை, உள்ளே காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கரை மார்போடு அணைத்துத் தூக்குவதும் வேண்டாம், வேறொருவர் தூக்கட்டும்.

புளூடூத் ஸ்பீக்கர் உப்பின மாதிரி இருக்கு, இன்னும் பாடுது. என்ன செய்யலாம்?

பாடட்டும் என்று விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல், எரியும் பொருள் இல்லாத இடத்தில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அங்கே நசுங்கித் தீப்பிடிக்கும். உப்பாத ஸ்பீக்கரையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள், படுக்கையின் மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

டிவியிலருந்து புகை வருது. தண்ணி ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். முதலில் மின்சாரம்: பிளக் எட்டும் இடத்தில் இருந்து, பக்கத்தில் சூடு இல்லையென்றால் கழற்றுங்கள், இல்லையென்றால் மெயின். பல சமயம் மின்சாரம் போனதுமே புகை அடங்கிவிடும். தீ தெரிந்தால் கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்பொடி அணைப்பான். அதுவும் தீ சின்னதாக, வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும். எரியும் பிளாஸ்டிக்கின் புகை வேகமாக மயக்கும். தயக்கம் வந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அடங்கிவிட்டாலும் மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். அறைக்குள் கொஞ்ச நேரம் ஆள் இருந்து கவனிக்க வேண்டும், உள்ளே கனன்றுகொண்டிருந்தால் மீண்டும் பற்றும். முழுவதும் ஆறியதும் சாக்கெட்டையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். புகை டிவியிலிருந்துதான் தொடங்கியது என்று நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம்.